வசந்தா கேட்ட எக்ளேர்

இனிப்பென்றால் வசந்தாவுக்கு உயிர். அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றாறில் எல்லாரும் மாமல்லபுரம் போயிருந்தபோது, நாங்கள் சிற்பம் பார்த்தோம், அவள் ஏசுபாதத்தின் பேக்கரியைக் கண்டுபிடித்தாள். அவர் பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் தொழில் கற்றவர். வெளிநாட்டுக்காரர்களுக்காக எக்ளேர் போடுவார். நீளமான மெத்தென்ற பண்டம், உள்ளே கிரீம், மேலே கெட்டியாகச் சாக்லேட். முதல் கடியிலேயே வசந்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

அதன்பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை தனியாகப் பஸ் ஏறிவிடுவாள். அங்கேயே உட்கார்ந்து இரண்டு தின்றுவிட்டு வருவாள். "திங்கறதுக்குன்னே ஒருத்தி பஸ் ஏறிப் போவாளா?" என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். வசந்தா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தொண்ணூற்றொன்பதில் டைபாய்டு வந்து ஒரு மாதம் படுத்துவிட்டாள். எழுந்து நடமாடத் தொடங்கிய ஒரு காலையில் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டுக் கணவர் செங்கல்வராயனிடம், "மாமல்லபுரத்துல அந்த எக்ளேர் வாங்கினு வாயேன். நாக்கு ஏங்குது" என்றாள். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவள் கணவரிடம் தின்பதற்கு ஒன்று கேட்டது அதுவே முதல் தடவை.

மாமியார் காதில் வாந்தியும் விழுந்தது, ஆசையும் விழுந்தது. வேறென்ன வேண்டும்? மசக்கைக்காரி கேட்டது கிடைக்காவிட்டால் பிறக்கும் குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். மகனை அந்த நிமிஷமே மொபெட்டில் விரட்டினார். அவர் ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்தார். காய்ச்சலில் கிடந்தவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று வசந்தா நெகிழ்ந்துபோய் மூன்று தின்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அச்சரப்பாக்கத்திலிருந்து நாத்தனார் பொன்னி கண்ணாடி வளையலோடு வந்து இறங்கினாள். தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். சேதி எனக்கும் வந்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நானும் போய் நின்றேன். விசாரிக்காமல் போனேனே என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வளையலைப் பார்த்த பிறகுதான் வசந்தாவுக்கு விளங்கியது. முகம் வெளுத்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ராணியாக இருந்திருக்கலாம். அவள் நிமிர்ந்து சொன்னாள்: "நான் முழுகாம இல்ல. காய்ச்ச மாத்திரை, வாந்தி வந்துச்சி. எனக்குத் திங்கணும்னு இருந்துச்சி, கேட்டேன். அவ்ளோதான்."

மாமியார் அவள் கையிலிருந்த எக்ளேர் பெட்டியைப் பிடுங்கிப் பீரோ மேல் வைத்தார். "புள்ள இல்லாதவளுக்கு இன்னா ஆச வோணுமாம்?"

அத்தனை பேர் எதிரில். செங்கல்வராயன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வசந்தா அழவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஒரு மாதம் படுத்துக் கிடந்த கால், ஏறும்போது தடுமாறியது. பெட்டியை இறக்கினாள். வளையல் போடுவதற்காக விரித்திருந்த பாயின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வயித்துல புள்ள இருந்தாத்தான் ஆச வரணுமா? எனக்கு வருது. எனக்காவ வருது. இது என் வாயி, என் நாக்கு." ஒன்றை எடுத்துக் கடித்தாள். உதட்டோரம் கிரீம் ஒட்டியது. துடைக்கக்கூட இல்லை, மாமியாரைப் பார்த்தபடியே மென்றாள்.

இப்போது பொன்னி ஏதாவது சொல்லப்போகிறாள் என்று பயந்தேன். மூன்று பிள்ளை பெற்றவள், அந்த வீட்டில் அவள் பேச்சுக்குத் தனி மதிப்பு. வளையல் பொட்டலத்தை ஓரமாக வைத்துவிட்டு, வசந்தாவுக்கு எதிரில் பாயில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணு குடு அண்ணி" என்றாள். "மூணு தபா மசக்கை. மாங்கா குட்த்தாங்க, புளி குட்த்தாங்க. உனக்கு இன்னா வோணும்னு ஒருத்தரும் கேக்கல."

வசந்தா பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள்.