சாம்பல் கறைக்கு நடுவே

நம்பாவிட்டால் போங்கள். இது எனக்கு நடந்தது. போன சனிக்கிழமை, கானா நாட்டுக் குமாசி நகரத்தில், பட்டப்பகலில்.

என் இடது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு மாதம் உலகமே பளிச்சென்று இருந்தது. பிறகு கதவு நிலை வளைந்து தெரிந்தது. பார்க்கிற இடத்தில் எல்லாம் நடுவே ஒரு சாம்பல் கறை. விழித்திரையில் நீர் கோத்து வீங்கியிருக்கிறதாம். யாரைப் பார்த்தாலும் காது தெரியும், தலைமுடி தெரியும், முகம் இருக்காது. என் ஒரே மகள் டுஃபியேவுக்கும் முகம் இல்லை. துணி விற்றுப் பிழைப்பவள் நான். இந்தக் கண்ணும் போனால் என்ன செய்வேன் என்று அழுதேன்.

சனிக்கிழமை உறவில் ஒரு சாவு. எங்கள் வழக்கப்படி, பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வலப்பக்கத்திலிருந்து, ஒருவரையும் விடாமல் கைகொடுத்துக்கொண்டே போக வேண்டும். டுஃபியேவோடு போனேன். மேளம் முழங்கிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, கோழி மாதிரி தலையைச் சாய்ச்சு சாய்ச்சுப் பாக்குற?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

கை... கறை. கை... கறை. அடுத்த நாற்காலி.

முகம்!

அசியெடு மாமா. நரைத்த புருவம், பல்லிடுக்கில் அவர் பாக்கு மாதிரி மெல்லும் கோலாக்கொட்டைச் சக்கை, எல்லாம் தெரிந்தது. மேளம் சட்டென்று நின்றது. அவர் உதடு அசைந்தது... சத்தம் வரவில்லை.

கையை விட்டேன். மேளம் மறுபடி கேட்டது. அடுத்தவருக்கு முகம் இல்லை.

"ஏன்டி, மேளம் ஏன் நின்னுச்சு?"

"மேளம் எங்க நின்னுச்சும்மா?" என்றாள் டுஃபியே.

எனக்கு உறைக்கவில்லை. கண் திரும்பி வருகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

திங்கட்கிழமை காலை. பக்கத்து வீட்டில் வாசல் பெருக்கினார்கள். சர்... சர்...

சத்தம் நின்றது.

டுஃபியே கஞ்சியோடு வந்தாள். கன்னத்து மச்சம் தெரிந்தது. இமை ஒவ்வொன்றும் தெரிந்தது.

"கண்ணு வந்துடுச்சுடி!"

அவளையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் கண்ணைப் படம் எடுத்தார்.

"வீக்கம் வத்தவே இல்லையேம்மா. முன்னைக்கு இப்ப அதிகம்."

"எம் பொண்ணு முகம் தெரியுதே டாக்டர்!"

"என் முகம்?"

கறை.

வெளியே வந்ததும் டுஃபியேவின் போன் அடித்தது. கேட்டாள். குரல் தாழ்ந்தது.

"அம்மா... நம்ம அசியெடு மாமா... சனிக்கிழமை பந்தல்லேர்ந்து கிளம்பினவரு வீடு போய்ச் சேரலையாம். வழியிலயே உயிர் போயிடுச்சாம்."

அவளையே பார்த்தேன்.

"என்னம்மா அப்படிப் பாக்குற?"

அன்றிலிருந்து அவளை வாசல் தாண்ட விடவில்லை. திட்டுகிறாள். சொட்டு மருந்தையெல்லாம் கொட்டிவிட்டேன். என் கண் போனால் போகட்டும், அந்தக் கறை அவள் முகத்தில் வந்து விழட்டும் என்று கும்பிடுகிறேன்.

இன்னும் விழவில்லை.