நலங்குப் படத்தில் மஞ்சள் வேட்டி

கடத்தூரில் நான் வைத்திருந்த ஸ்டுடியோவை மூடிவிட்டேன். ஆனாலும் யார் வீட்டிலாவது நலங்குப் படம் மாட்டியிருந்தால் என் கண் முதலில் வேட்டியைத்தான் தேடுகிறது.

ஒரு முறை கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது. அவசரத்தில் என் பழைய பிரிண்டரின் டிரைவர் மென்பொருளைப் புதிய பிரிண்டருக்குப் போட்டுவிட்டேன். படமெல்லாம் மஞ்சளடித்தது. அது கல்யாண சீசன். வந்ததெல்லாம் நலங்குப் படங்கள். மஞ்சள் பூசிய பெண் மஞ்சளாக இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? எனக்கே வரவில்லை.

கல்யாணம் முடிந்தபின் ஒரு பெண்ணின் அப்பா படத்தோடு கடைக்கு வந்தார்.

"நலங்கு பொண்ணுக்குத்தானுங்க வெச்சோம். என் வேட்டிக்கு எதுக்குங்க மஞ்ச பூசினீங்க?"

எனக்குக் கோபம் வந்தது, என் மேல் இல்லை. மையை மாற்றினேன், பேப்பரை மாற்றினேன், பேப்பர் விற்றவனைத் திட்டினேன். கடைசியில்தான் திரையில் இருந்த மாடல் எண்ணும் பிரிண்டர் மேல் இருந்த எண்ணும் வேறு வேறு என்பது கண்ணில் பட்டது. சரியான டிரைவரைப் போட்டு அதே படத்தை மறுபடி பிரிண்ட் போட்டேன். வேட்டி பளீரென்று வந்தது.

பெருமையாக இரண்டு படங்களையும் அவர் முன் வைத்தேன். வெகுநேரம் பார்த்தவர் பழையதை எடுத்துத் துண்டால் துடைத்தார்.

"புதுசுல எம்பொண்ணு மூஞ்சி வெளுத்துப் போச்சுங்க, கட்டிக் குடுத்த ஊருக்குப் போன புள்ளையாட்டம். இதுலதான் இன்னும் நம்ம வூட்ல இருக்குது. இதே இருக்கட்டுங்க. வேட்டி கெடக்குது."