அழிய மறுத்த கல்யாணப் பத்திரிகை

கணினி பொய் சொல்லாது என்று நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று எனக்கும் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், பிரிக்ஃபீல்ட்ஸில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் அச்சகத்தில், ஒரு சனிக்கிழமை காலை அந்த நம்பிக்கை போய்ச் சேர்ந்தது.

அச்சகம் என்று பெருமைக்குச் சொல்கிறேன். அச்சு இயந்திரம் ஸ்ரீ கெம்பாங்கானில் வேறொருவரிடம் இருந்தது. எங்களிடம் இருந்தது ஒரு கணினி, அதை இயக்க என் மனைவியின் தம்பி, அப்புறம் நான். 'நிகழும் மங்களகரமான' என்று ஆரம்பித்து 'அன்புடன் அழைக்கிறோம்' என்று முடிப்பதும், நடுவில் யாருடைய பெரியப்பா பெயரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதும்தான் என் இலக்கியப் பணி. அத்தனை புத்தகங்களைப் படித்தவனுக்கு இந்த வேலைதான் கிடைத்தது. புத்தகங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

எங்கள் பிழைப்பு இரண்டு வகை அட்டைகளால் ஓடியது: கல்யாணம், கருமக்கிரியை. மாதிரி பார்க்க ஆல்பம் எதுவும் கிடையாது. கணினியே ஆல்பம். இதுவரை செய்த கல்யாணங்கள் எல்லாம் ஃபோல்டர் ஃபோல்டராக அதற்குள் இருக்கும். பெண் பெயரில் மூன்று எழுத்து, மாப்பிள்ளை பெயரில் மூன்று எழுத்து, அதுதான் ஃபோல்டரின் பெயர். வருகிறவர்கள் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதைத் திற, இதைத் திற என்று ஒவ்வொருவர் கல்யாணத்தையும் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். பத்திரிகையைத் திரையில் பார்ப்பது அன்றைக்குப் பெரிய அதிசயம். அதற்காகவே கிள்ளானிலிருந்து குடும்பத்தோடு கார் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

அந்தச் சனிக்கிழமை கிள்ளானிலிருந்து வந்தவர் அதிசயம் பார்க்க வரவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் கேட்டார்.

"தம்பி, போன வருஷம் என் மகளுக்கு ஒரு கார்டு செஞ்சோம்ல?"

"ஞாபகம் இருக்கு அண்ணே."

"ஞாபகம் இருக்கக் கூடாது. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

அவருக்குப் பின்னால் அந்த மகளும் வந்து, காற்றாடிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஷா ஆலமில் ஓர் அலுவலகத்தில் வேலை. போன வருடம் அவளுடைய கல்யாணம், பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முந்தின வாரம் நின்றுபோனது. ஏன் என்று எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்போது செமினியில் நல்ல இடம் அமைந்திருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா எங்கோ ஒரு கல்யாணத்தில் நாங்கள் செய்த பத்திரிகையைப் பார்த்து மயங்கி, செய்தால் இந்தக் கடையில்தான் என்று சொல்லிவிட்டார். அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நேரில் வருகிறார்.

"வேற கடைக்குப் போலாம்னு சொல்லிப் பாத்தீங்களா?" என்றேன்.

"ஏன்னு கேப்பாங்க. என்னா சொல்றது? மாப்பிள்ளைக்குத் தெரியும், இவளே சொல்லிட்டா. அந்தம்மாவுக்குத்தான் தெரியாது. பல்லி கத்துனாக்கூட பயணத்தை நிறுத்துறவங்க. ஒரு தடவ நின்ன பொண்ணுன்னு தெரிஞ்சா, தட்டைத் திருப்பி அனுப்பிடுவாங்க தம்பி."

அந்தப் பெண் கைப்பையின் வாரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"இவ்வளவுதானே அங்கிள்?" என்றான் மைத்துனன். "ஒரு தட்டு தட்டுனா போயிடும்."

ஃபோல்டரைத் தேர்ந்து அழிக்கும் பொத்தானைத் தட்டினான். நிச்சயமாகத்தானா என்று கணினி கேட்டது. நிச்சயம்தான் என்றான். அப்போது ஒரு சிறு பெட்டி திரையில் எழுந்து, அப்படி ஒரு ஃபோல்டரே இங்கே இல்லை, ஆகவே அதை அழிக்க முடியாது என்று ஆங்கிலத்தில் அறிவித்தது.

பெட்டிக்குப் பின்னால் ஃபோல்டர் மஞ்சளாக உட்கார்ந்திருந்தது. பெண் பெயரின் மூன்று எழுத்தும், வராமல் போன மாப்பிள்ளையின் மூன்று எழுத்தும் பளிச்சென்று தெரிந்தன.

காண்பதெல்லாம் மாயை என்று வேதாந்தம் சொல்வதை நான் வெகுகாலமாக மேடையில் ரசித்துக் கேட்டிருக்கிறேன். அதையே ஓர் இயந்திரம் வாடிக்கையாளர் முன்னால் சொல்லும்போது ரசிக்க முடியவில்லை.

மைத்துனன் மறுபடி தட்டினான். மறுபடி அதே பதில். குப்பைத்தொட்டிப் படத்துக்கு இழுத்துக்கொண்டு போனான், தொட்டி வாங்க மறுத்தது. பெயரையாவது மாற்றுவோம் என்றால், இல்லாத ஒன்றுக்குப் பெயர் மாற்ற முடியாது என்றது. கணினியை அணைத்துப் போட்டான். அது தன் காலைக்கடன்களை முடித்து எழுந்திருக்கும்வரை நாங்கள் நால்வரும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுந்தது. ஃபோல்டரும் எழுந்தது.

"வைரஸா இருக்குமோ?" என்றார் தகப்பனார்.

"அதெல்லாம் பாத்தாச்சு அங்கிள்."

"அப்ப என்னாதான் கோளாறு?"

"அதான் தெரியல அங்கிள்."

கணினி விற்ற சீனருக்கு மைத்துனன் போன் போட்டான். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே பதில்தான் வந்தது, தள்ளி நின்ற எனக்கும் கேட்டது. "ஃபார்மட் சஜா லா, போஸ்." எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பி என்று அர்த்தம். ஒரு கல்யாணத்தை அழிக்க ஊரில் உள்ள அத்தனை கல்யாணத்தையும் அழிக்கச் சொன்னார் மனிதர். அதில் இரண்டு மூன்று இன்னும் அச்சுக்கே போகவில்லை.

"மத்த ஃபோல்டரையெல்லாம் வேற எடத்துக்கு நகர்த்திட்டு, அந்த எடத்த மட்டும் காட்டுனா?" என்று கேட்டேன். கணினி விஷயத்தில் நான் சொன்ன முதல் உருப்படியான யோசனை அது. மைத்துனன்கூட என்னை மரியாதையாகப் பார்த்தான். நகர்த்திப் பார்த்தான். ஒரு கல்யாணமும் நகரவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதே பெட்டி வந்து, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது.

இவ்வளவு நாள் எங்கள் பிழைப்பு முழுவதும் இல்லாத கல்யாணங்களின் மேல் நடந்திருக்கிறது.

"கரண்ட் இல்லன்னு சொல்லிடலாமா?" என்றார் தகப்பனார்.

கீழே சாப்பாட்டுக் கடையின் வானொலி முழு சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது. அந்தக் கடை வாசலைத் தாண்டித்தான் அந்தம்மா மாடியேற வேண்டும். தகப்பனார் தானே புரிந்துகொண்டு ஜன்னலோரம் போய் ரோட்டைப் பார்த்து நின்றார்.

"கல்யாணம் எதையாச்சும் இதுக்கு முன்னாடி அழிச்சிருக்கீங்களா அண்ணே?" என்று அந்தப் பெண் கேட்டாள். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு.

மைத்துனன் அதிர்ந்துபோய்த் திரும்பினான். "கல்யாணத்த யாராச்சும் அழிப்பாங்களாம்மா? இடம் பத்தலன்னா கருமக்கிரியைதான் அழிப்போம்."

உண்மைதான். கல்யாண ஃபோல்டரில் கை வைக்கக் கூடாது என்பது கடை திறந்த நாளிலிருந்து அவன் வைத்திருந்த நியமம். அப்படியானால் கருமக்கிரியை அழிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். பெயர் சொல்ல வேண்டாம், காரியமெல்லாம் முடிந்துவிட்ட ஒரு பெரியவருடைய ஃபோல்டரைத் தட்டினான். பெரியவர் சத்தமில்லாமல் போய்விட்டார்.

ஆக, சாவு அழிகிறது, கல்யாணம் அழியவில்லை. தத்துவம் பேச நேரமில்லை. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லி, மெய்ப்புத் திருத்துகிற கண்ணால் பார்த்தேன். கமாவுக்கும் புள்ளிக்கும் தேய்ந்துபோன கண் அது. கல்யாணங்கள் ஒவ்வொன்றின் பெயருக்கும் முன்னால், அடியில், ஒரு சின்னக் கோடு இருந்தது. சாவுகளுக்கு இல்லை.

"இது என்னாடா கோடு?"

"அது கோடு இல்ல மாமா," என்றான். "பிள்ளையார் சுழி."

மைத்துனனை நாற்காலியோடு என் பக்கம் திருப்பி, முழுசாகச் சொல்லச் சொன்னேன்.

விஷயம் இதுதான். எங்கள் பழைய தமிழ் மென்பொருள் கறுப்புத் திரையில் ஓடுவது. அதில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஓர் எண்ணைத் தட்டினால் சுழி விழும். நல்ல காரியமாயிற்றே என்று ஒவ்வொரு கல்யாண ஃபோல்டருக்கும் பெயர் வைக்கும்போது முதலில் ஒரு சுழி போட்டிருக்கிறான். கருமக்கிரியைக்குப் போடக் கூடாது, போடவில்லை. பிறகு வண்ணத் திரையோடு புது முறை வந்தது. அதற்குப் பிள்ளையாரைத் தெரியாது. தெரியாத எழுத்தைப் பார்த்ததும் அந்த இடத்தில் ஒரு கோட்டைக் கிழித்துக் காட்டிவிட்டு, திறக்கவோ அழிக்கவோ சொன்னால் கோட்டில் ஆரம்பிக்கிற ஃபோல்டரைத் தேடப் போகிறது. அப்படி ஒன்று இல்லை. அது பொய்யும் சொல்லவில்லை. பாவம், அசல் பெயர் அதன் வாயில் நுழையவில்லை, அவ்வளவுதான். பழைய மென்பொருளுக்கோ பெயர் தெரியும், திறந்து காட்டும். ஆனால் அழிக்கிற வசதியை அதைச் செய்தவர் வைக்கவில்லை.

"ஏண்டா, கோடு கோடா விழுந்திருக்கே, ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

"புது கம்ப்யூட்டர் சுழிய இப்படித்தான் போடும்போலன்னு நெனச்சேன் மாமா."

"கறுப்புத் திரைக்கே போய், சுழியோட பேரச் சொல்லி அழிச்சா?"

அவன் ஏற்கெனவே அங்கே போய்விட்டிருந்தான். கறுப்பில் வெள்ளை எழுத்து. மரத்தை வேரோடு பிடுங்குகிற மாதிரி ஒரு கட்டளை உண்டு, ஃபோல்டரையும் உள்ளே இருப்பதையும் சேர்த்தே எடுத்துவிடும். அதைத் தட்டினான். இடைவெளி விட்டான். ஆல்ட்டை அழுத்தி எண்ணைத் தட்டினான். தமிழ் மென்பொருள் ஓடாத அந்தத் திரையில் சுழியின் இடம் வெறுமையாகத் தெரிந்தது, ஆனால் சுட்டி ஓரெழுத்து நகர்ந்தது. பெண்ணின் மூன்று எழுத்து. அந்த இன்னொருவனின் மூன்று எழுத்து.

"வந்துட்டாங்க," என்றார் தகப்பனார் ஜன்னலிலிருந்து. "இறங்குறாங்க."

மைத்துனன் என்டரைத் தட்டினான். இந்த முறை, இல்லை என்று கணினி சொல்லவில்லை. பெயரை முழுசாகச் சொல்லி, இதை அழிக்கவா, ஆமா, இல்லையா என்று கேட்டுவிட்டுக் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது.

மைத்துனன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"என்னடா?"

"மாமா, நீங்க அமுக்குங்க. கல்யாணம் பேசிக்கிட்டிருக்கிற பையன் நான். என் கையால வேணாம்."

"நானா? எனக்கு இதெல்லாம் தெரியாதே," என்றேன். ஒரே ஒரு எழுத்தைத் தட்டத் தெரியாதவனாக நான் மாறியதைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கை நகரவில்லை.

"அண்ணே, நீங்க?"

தகப்பனார் ஜன்னலை விட்டு வந்தார், திரையைப் பார்த்தார். "பூ வெச்சு, தட்டு மாத்தி, நாந்தானே தம்பி இத ஆரம்பிச்சேன்," என்றார். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறும் விதத்தில், ஒரு படிக்கு இரண்டு சத்தம். அந்த முழங்காலுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

"தள்ளுங்க அண்ணே," என்றாள் அந்தப் பெண்.

மைத்துனன் எழுந்தான். அவள் உட்காரக்கூட இல்லை, குனிந்து ஒரு விரலால் ஆமாவைத் தட்டினாள், என்டரைத் தட்டினாள். கணினியின் வயிற்றுக்குள் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு மைத்துனன் பட்டியலைக் கொண்டுவந்தான். அந்தப் பெயர் இல்லை. அவள் நாற்காலிக்குத் திரும்பிப் போய்க் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. மாப்பிள்ளையின் அம்மா கனத்த உடம்பு, கனத்த மூக்குக்கண்ணாடி. "பார்க்கிங்கே கெடைக்கல, மவன் சுத்திக்கிட்டிருக்கான்," என்று சொல்லிக்கொண்டே, கேட்காமலேயே திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். "எல்லாத்தையும் காட்டுங்க தம்பி. அவசரம் இல்ல."

பழைய மென்பொருளில் ஒவ்வொரு கல்யாணமாகத் திறந்தான் மைத்துனன். அந்தம்மா ஒவ்வொன்றிலும் பெயர்களை வாய்விட்டுப் படித்தார். பட்டியலில் எங்கே அந்த ஓட்டை இருந்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின கல்யாணத்துக்கு வந்தார். தாண்டினார். தகப்பனார் முகத்தில் முதல் தடவையாக ரத்தம் ஓடியது. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

கீழ்க் கடையிலிருந்து தேநீர் வந்தது. நல்ல மனதோடுதான், ஒரு கிளாஸை எடுத்துத் தகப்பனாரிடம் நீட்டினான் என் மைத்துனன். "இது ஒங்களுக்கு அங்கிள். சீனி கம்மி, ஆடை இல்லாம."

அந்தம்மா திரையிலிருந்து திரும்பினார். "சம்பந்தி இங்க அடிக்கடி வருவாரா?"

கணினியிலிருந்து ஒன்றை எடுக்க ஒரு காலைப் பொழுது போனது. மைத்துனனின் தலைக்குள் இருப்பதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவன் கிளாஸைப் பிடித்தபடியே நின்றான். நான் வார்த்தையை விற்றுப் பிழைப்பவன், மேஜை மேல் இருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"போன வருஷம் வந்தோம் ஆன்ட்டி," என்றாள் அந்தப் பெண். "எனக்குக் கார்டு அடிக்க. அது நின்னு போச்சு. ஒங்க மகன் கிட்ட சொல்லிட்டேன். ஒங்க கிட்டயும் சொல்லியிருக்கணும்."

அந்தம்மா அவளையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கீழே யாரோ மீன் குழம்புக்கு ஆர்டர் கொடுக்கும் சத்தம் கேட்டது.

"அந்தக் கார்டு என்னா கலரு?" என்று கேட்டார் கடைசியில்.

"மஞ்சள் ஆன்ட்டி. ஓரத்துல செவப்பு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைப் பக்கம் திரும்பினார். "அப்ப மஞ்சள் வேணாம் தம்பி," என்றார் மைத்துனனிடம். "செவப்பும் வேணாம். வேற காட்டுங்க."