பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது?

வேலைக்குப் போகிறவர்களிடம் வேலையைப் பற்றிக் கேட்பதுதான் சில காலம் என் வேலையாக இருந்தது. திருச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வேலைவழிகாட்டி மாத இதழுக்கு பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துப் பேட்டிகளை நான் எழுதினேன். அரியலூர் கொஞ்ச நாள் தனி மாவட்டமாக இருந்துவிட்டு மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்திருந்த காலம். டாக்டர், சர்வேயர், பேங்க் மேனேஜர், சிமெண்ட் ஆலை இன்ஜினியர் என்று மாதம் ஒருவர். கையில் டேப் ரெக்கார்டர், பையில் உபரி பேட்டரி, காலில் நிற்க விடாத ஒரு அரிப்பு. இப்போது நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் சிலர் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

1. முதல் பேட்டி

முதல் ஆள் பாடாலூரில் இருந்த ஒரு கால்நடை டாக்டர். கேசட்டைப் போட்டு பட்டனை அமுக்கியதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

“கால்நடை மருத்துவம் என்பது வாயில்லா ஜீவன்களுக்குச் செய்யும் உன்னதமான சேவை” என்றார்.

அடுத்த கேள்விக்கும் அதே சேவை. அதற்கடுத்த கேள்விக்கும் சேவைதான். மனப்பாடம் செய்திருந்தார். கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடி முடிந்தபோது என்னிடம் ஒரு சுதந்திர தின உரை இருந்தது. பேட்டி இல்லை.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை வாசலோடு அனுப்ப மாட்டார்கள். பஸ் ஏற்றிவிட்டுத்தான் திரும்புவார்கள். அவரும் ஹைவேஸ் வரைக்கும் கூட வந்தார். புளிய மர நிழலில் நின்றோம். லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. டேப் ரெக்கார்டர் பைக்குள் போய்விட்டதைப் பார்த்த பிறகு அவர் முகம் தளர்ந்தது.

“உண்மையைச் சொல்லணும்னா சார், டாக்டர் சீட்டு கிடைக்காமத்தான் இதுக்கு வந்தேன். ஆரம்பத்துல மாட்டைப் பாத்தாலே கோவம் வரும்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒரு நாளு... இந்தா பஸ் வந்துருச்சு, ஏறுங்க ஏறுங்க.”

நான் ஏறவில்லை. கண்டக்டர் என்னை முறைத்துவிட்டு விசில் கொடுத்தார். பஸ் போனது.

டாக்டர் சிரித்தார். “ஒரு எருமை ஈத்துக்கு நிக்குது. கன்னு மாட்டிக்கிச்சு. தோள் வரைக்கும் கையை விட்டுத் தேடுறேன். செத்துப்போச்சுன்னு நினைச்சுட்டேன். உள்ளேருந்து என் விரலைப் புடிச்சு சப்புது சார். இன்னும் பொறக்கவே இல்ல அது, பால் குடிக்குது! அன்னிக்குத்தான் நான் மாட்டு டாக்டர் ஆனேன்.”

பேட்டி என்பது அந்தப் பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவில் இருந்தது. அதற்குப் பிறகு என் வேலை முறையே அதுதான். வீட்டில் ஒப்புக்குப் பதிவு செய்வேன். பஸ் ஸ்டாப்பில் ஒரு பஸ்ஸை விட்டுவிடுவேன். பஸ்ஸை நம்பியிருக்கும் ஊர்களில் பேட்டி எடுப்பவனுக்கு இது ஒரு வசதி.

2. மேனேஜரின் ஒரு கேள்வி

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ராமநாதன் என்று பர்சனல் மேனேஜர். ஆள் எடுப்பவர் அவர்தான். ‘இன்டர்வியூவில் என்ன எதிர்பார்க்கிறீர்கள்’ என்பது தலைப்பு. ஆபீஸில் உட்கார்ந்து ‘தன்னம்பிக்கை, தோற்றம், தெளிவான பேச்சு’ என்று சொன்னார். எழுதிக்கொண்டேன். எந்த ஆலை மேனேஜரும் சொல்லக்கூடியது.

கேட்டுக்கு வெளியே டீக்கடைவரை வந்தார். சாலை ஓரத்து வேப்பிலைகூட வெள்ளையாகத்தான் இருக்கும் அங்கே. சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்கள் போகும்போதெல்லாம் டீ கிளாஸைக் கையால் மூடிக்கொண்டோம். ஒரு பஸ்ஸை விட்டேன்.

“எலக்ட்ரீஷியன், வெல்டர், ஏசி மெக்கானிக், இதுக்கெல்லாம் நல்ல ஆளுங்க வெளிநாட்டுலேர்ந்து திரும்புனவங்கதான் சார். ஆனா பயம். இங்க சேந்து மெஷின் பழகுறதுக்குள்ள விசா வந்துரும். மறுநாள் ஆள் இருக்க மாட்டான். அவன் மேல தப்பு சொல்ல மாட்டேன். நானா இருந்தாலும் போவேன்.”

“எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“எல்லாம் கேட்டு முடிச்சுட்டு, சும்மா பேச்சுவாக்குல, பாஸ்போர்ட் எங்க இருக்குன்னு கேப்பேன். ஏஜென்ட்கிட்ட இருக்குன்னு சொன்னா டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருவேன்.” பிறகு விரலை ஆட்டினார். “இதை எழுதிறாதீங்க.”

இதழில் எழுதவில்லை.

3. ஜாகிர் வருகிறார்

பேட்டிகள் வரத் தொடங்கியதும் வாசகர்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு அருகில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் மாதிரி நேர்முகத் தேர்வு நடத்தினேன். சட்டையை இன் பண்ணுவது எப்படி, நாற்காலியில் எப்படி உட்காருவது, கேட்கக்கூடாத கேள்விகள் எவை, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். முதல் சந்திப்பிலேயே லீவு, கேன்டீன், பஸ் வசதி பற்றிக் கேட்கக்கூடாது என்பது என் சட்டங்களில் முக்கியமானது.

அப்படி வந்தவர் ஜாகிர் உசேன். லப்பைக்குடிக்காடு. ஏசி டெக்னீஷியன். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் வளைகுடாவில்தான். ராமநாதனின் ஆலையிலிருந்து இன்டர்வியூ கார்டு வந்திருந்தது.

“இன்டர்வியூன்னா என்னன்னே எனக்குத் தெரியாதுண்ணே. வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கையில பம்பாய்ல ட்ரேட் டெஸ்ட் வச்சான். கேஸ் சார்ஜ் பண்ணுன்னான், பண்ணேன். கையெழுத்துப் போடுன்னான், போட்டேன். வாயே தெறக்கல. இங்க ஆறு பேரு உக்காந்து பேசச் சொல்வாங்களாம்ல?”

“ஏன் திரும்பி வந்தீங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்வீங்க?”

“போதும்ண்ணே. மக பொறந்ததுக்கு இல்ல. அத்தா மவுத்துக்கு இல்ல. இனி சபர் வேணாம்னு இருக்கேன்.”

அப்பாவை அத்தா என்றும், சாவை மவுத்து என்றும், வெளிநாட்டுப் பயணத்தை சபர் என்றும் அவர் ஊரில் சொல்வார்கள். இந்த வேலை கிடைத்தால் ஊரிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் மறுபடி விமானம். அவருக்கு நடுவில் வேறு கதவு இல்லை.

4. வீட்டில் நடந்த ஒத்திகை

அவருடைய அண்ணன் ஃபாருக்குக்கு என்னைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஊரில் துணிக்கடை வைத்திருந்தார். ஒரு ஞாயிறு ஜாகிரின் வீட்டிலேயே ஒத்திகையை வைத்துக்கொண்டோம். கூடத்தில் மூன்று நாற்காலிகள். உள்கட்டு வாசலில் திரை. திரைக்குப் பின்னால் ஜாகிரின் மனைவி ஷமீமா நிற்பது, டீ டம்ளர்கள் வரும்போது தெரிந்தது.

கம்ப்ரெஸர், கன்டென்சர், எல்லாம் கேட்டேன். ஜாகிர் நன்றாகவே சொன்னார். கடைசியாகக் கேட்டேன்.

“பாஸ்போர்ட் எங்க இருக்கு?”

“திருச்சில, ஏஜென்ட்கிட்ட” என்றார் ஜாகிர், முந்தைய பதில்களைவிடத் தெளிவாக.

அந்த ஊரில் அது சாதாரணம். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, ஊருக்கு வந்து இறங்கியவுடனேயே பாஸ்போர்ட்டை ஏஜென்டிடம் போட்டு வைத்துவிடுவார்கள். ஜாகிரின் பாஸ்போர்ட்டை ஃபாருக்கே கொண்டுபோய்க் கொடுத்திருந்தார்.

“இந்தப் பதிலைக் கேக்குறவருக்கு என்ன புரியும்?” என்றேன்.

ஜாகிர் அண்ணனைப் பார்த்தார். ஃபாருக் சிரித்தார். “இதென்ன சார் பெரிய விசயம்? வூட்ல இருக்குன்னு சொல்லிட்டுப் போறான். எந்த ஆபீசரு வந்து பீரோவைத் தெறந்து பாக்கப் போறாரு?”

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஆபீசரு வர மாட்டாரு. நான் தெனமும் தெறக்குறேன்ல?”

ஃபாருக்கின் சிரிப்பு டம்ளருக்குள் போய்விட்டது. தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது.

அது ராமநாதனின் கேள்வி என்று நான் சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்த வாக்கு ஒரு காரணம். சொல்லியிருந்தால் அதற்கொரு பதிலைத் தயார் செய்திருப்பார்கள் என்பது இன்னொன்று.

ஜாகிர் என்னை பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். பஸ் வந்தது. விட்டேன்.

“விசா வந்துருச்சுண்ணே” என்றார். “அண்ணனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. இங்க கெடச்சா இது, கெடைக்கலன்னா அது. ரெண்டுல ஒண்ணு.”

“ரெண்டுல ஒண்ணுன்னு நிக்கிறது எதிர்ல உக்காந்திருக்கறவருக்குத் தெரிஞ்சுரும்.”

“சரிண்ணே, அதை விட்டுட்டுப் போயி, இதுவும் இல்லன்னா?”

வெள்ளாற்றுப் பக்கமிருந்து அனல் காற்று வந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

5. கேட்கப்படாத கேள்வி

இன்டர்வியூவுக்கு முன்பே ஜாகிர் திருச்சிக்குப் போய் பாஸ்போர்ட்டை வாங்கிவந்துவிட்டார். “வந்த விசாவை வேணாங்குறவன் இந்த ஊர்ல நீ ஒருத்தன்தான்டா” என்று சொன்னாராம் ஃபாருக். அதோடு தம்பியிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஷமீமா பாஸ்போர்ட்டை பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார் என்று ஜாகிர் சொன்னார்.

இன்டர்வியூ அன்று மதியம் எனக்கும் அரியலூரில் வேலை இருந்தது. ஆலை கேட்டுக்கு எதிரில் காத்திருந்தேன். ஜாகிர் வெளியே வந்த வேகத்தைப் பார்த்து யாரையோ அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“கேக்கவே இல்லண்ணே!”

“எதை?”

“பாஸ்போர்ட்டை! விசாவை விட்டு, அண்ணன் பேச்சை விட்டு வந்து உக்காந்திருக்கேன். அந்தாளு கேக்கவே இல்ல!”

“வேற என்ன கேட்டாங்க?”

“ஹை பிரஷர்ல ஏசி ட்ரிப் ஆகி நின்னுருது, மொதல்ல என்ன பாப்பேன்னாங்க. கன்டென்சர்ல தூசின்னேன். எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றேன்னாங்க. சிமெண்ட் கம்பெனில வேற என்ன சார் இருக்கும்னேன். சிரிச்சாங்க. கடைசியா, நீங்க ஏதாவது கேக்கணுமான்னாரு மேனேஜரு. நைட் ஷிப்ட் முடிஞ்சா கம்பெனி பஸ் எங்க ஊர்ப் பக்கம் அகரம்சீகூர் வரைக்கும் வருமான்னு கேட்டேன்.”

கேட்கவே கூடாது என்று ஞாயிறுதோறும் நான் சொல்லிக்கொடுத்த கேள்வி.

“அதுக்கு?”

“ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. தப்பாக் கேட்டுட்டேனாண்ணே?”

“இல்ல” என்றேன். ஆமாம் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு தகவல் எதுவும் வரவில்லை. ஆலையிலிருந்து ஒரு சொல் இல்லை. விசாவின் கெடு முடிந்துபோனது. பஸ் கேட்ட கதை பரவி, லப்பைக்குடிக்காட்டில் டீக்கடைக்காரர்கள் அவருக்கு ‘பஸ்ஸு ஜாகிர்’ என்று பெயர் வைத்தார்கள். “என்னப்பா, ஃபிளைட்டை விட்டியே, பஸ்ஸு வந்துச்சா?” என்று கேட்பார்களாம். அவரும் சிரித்துவிட்டுப் போவாராம். ஊருக்குள் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்த்தார். என்னைப் பார்க்க வருவதில்லை. நானும் போகவில்லை. போய் என்ன சொல்வது?

ஜாகிருக்கு வேலை ஆர்டர் வந்த செய்தியை ராமநாதனிடமிருந்துதான் முதலில் தெரிந்துகொண்டேன். வேறொரு பேட்டிக்காக அரியலூர் போயிருந்தபோது அதே டீக்கடையில் பிடித்துக்கொண்டார்.

“உங்ககிட்டதான் ஒரு ஏசி மெக்கானிக் இன்டர்வியூவுக்குப் பழகுனாராமே? ஹெட் ஆபீஸ்ல லேட் பண்ணிட்டாங்க, இப்பத்தான் அனுப்பியிருக்கோம்.”

“அவர்கிட்ட பாஸ்போர்ட்டைப் பத்திக் கேக்கலையாமே சார்?”

“எதுக்கு சார் கேக்கணும்? நைட் ஷிப்ட் முடிஞ்சு வூட்டுக்கு எப்படிப் போறதுன்னு யோசிச்சுட்டு வந்து உக்காந்திருக்காரு. விசாவுக்கு நிக்கிறவன் பஸ்ஸு எதுவரைக்கும் வரும்னு கேக்க மாட்டான். அதைக் கேட்டதும் இவர்தான்னு ஃபைலை மூடிட்டேன்.”

“பஸ் வருமா சார்?”

“வராது” என்றார் சாதாரணமாக. “பாதி வழிவரைக்கும்தான். மிச்சத்துக்கு அவர் ஏதாவது செஞ்சுக்குவாரு.”

6. பிள்ளைகளுக்கு

அடுத்த ஞாயிறு முதல் என் சட்டத்தை எடுத்துவிட்டேன். என்ன கேட்கலாம், கேட்கக்கூடாது என்று இப்போது நான் யாருக்கும் சொல்வதில்லை. இன்டர்வியூ அறைக்குள் போகும் முன் ஒரு கேள்விக்கு வீட்டில் பதில் சொல்லிவிட்டுப் போங்கள் என்கிறேன். அது எந்தக் கேள்வி என்று வீட்டிலிருப்பவர்களுக்குத் தெரியும். அதற்குப் பதில் சொல்லாமல் போகிறவர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருப்பார். எதிரே இருப்பவருக்கு அது தெரியும். பதில் சொல்லிவிட்டுப் போகிறவர் வாய்க்கு வந்ததைக் கேட்கலாம்.

வேலை கிடைக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஜாகிருக்குக் கிடைத்தது. கிடைக்காமலும் போயிருக்கலாம்.

சில மாதம் கழித்து இதழுக்காக அவரைப் பேட்டி எடுக்கப் போனேன். முற்பகல். ஷமீமா நிலைக்கதவருகே வந்து நின்றார்.

“நைட் ஷிப்ட்டு. இப்பத்தான் படுத்தாங்க. எழுப்பட்டுமா?”

“வேணாம்மா. தூங்கட்டும்.”

டீ கொடுத்தார். கேள்விகளோடு வந்தவன் சும்மா போகக்கூடாது என்று டேப் ரெக்கார்டரை வைத்து, நீங்களே சொல்லுங்களேன் என்றேன். முதலில் வெட்கப்பட்டார். பிறகு சொன்னார்.

“நான் என்னத்த சொல்ல? முந்தியெல்லாம் எப்ப வருவாங்கன்னு காத்துக் கெடப்பேன். இப்ப எப்ப எந்திரிப்பாங்கன்னு காத்துக் கெடக்கேன். இந்தக் கொறட்டை சத்தத்துல மோட்டார் போட்டது கூடக் கேக்க மாட்டேங்குது, பாருங்க.”

குறட்டை எனக்கும் கேட்டது. கேசட் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அவரை எழுப்பாமலே கிளம்பினேன். அன்றைக்கு என்னை பஸ் ஏற்றிவிட யாரும் வரவில்லை.