'அவங்க' என்று ஒரு பதிவு

ஒரு வெள்ளைப் பெட்டி, பக்கத்தில் 'தேடு' என்று ஒரு பொத்தான். நான் முதன்முதலாகச் செய்த வலைப்பக்கத்தில் வேறு எதுவும் கிடையாது. தொண்ணூறுகளின் கடைசியில், ஏற்காட்டில் ஒரு சின்ன மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்த கம்ப்யூட்டரில் அது ஓடியது. ரத்தம் கொடுக்க முன்வந்த மலைக்காரர்களின் விவரங்களை அட்டவணையாகச் சேர்த்து, பெயரையோ ரத்த வகையையோ தட்டினால் ஆளைக் காட்டும்படி நிரல் எழுத, சேலத்திலிருந்து என்னை வரவழைத்து வேலைக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டியை நினைத்தால் அங்கே ரத்தம் எடுக்கும் லேப் அக்காவும் கூடவே வந்துவிடுகிறார்.

அக்கா வாழவந்திக்காரர். விவரங்களை ஆங்கில எழுத்தில் தட்டி ஏற்றியவர் அவர்தான். தமிழ் எழுத்தில் தேடும் வித்தை அன்று எனக்குக் கைவரவில்லை. யார் பெயரையும் மொட்டையாகத் தட்ட அக்காவுக்கு மனம் வராது. பின்னால் ஓர் அண்ணன் சேர்ந்துவிடும், சின்ன வயசு என்றால் ஒரு கண்ணு. 'முருகேசன்' என்று தேடினால் அப்படி ஆளே இல்லை என்றது என் நிரல். அட்டவணையில் இருந்தவர் 'முருகேசன் அண்ணன்'. அக்காவோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, பெயருக்கு முன்னும் பின்னும் எது ஒட்டியிருந்தாலும் கண்டுபிடிக்கும்படி நிரலைத்தான் மாற்றினேன். மரியாதையைத் திருத்துவதைவிட அது சுலபமாக இருந்தது.

அக்கா விடுப்பில் சேலம் போயிருந்த ஒரு மழை நாளில், பிரசவத்துக்கு வந்த மஞ்சக்குட்டைப் பெண்ணுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்தது. கீழேயிருந்து ரத்தம் வர வழியில்லை. டாக்டர் என் முதுகுக்குப் பின்னால் நிற்க, நான் தட்டினேன். ஒரே ஒரு பதிவு வந்தது. ஊர், வாழவந்தி. பெயர், avanga.

யாரோ விளையாட்டுக்குத் தட்டியிருக்கிறார்கள் என்று டாக்டருக்குக் கோபம். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. பிறகுதான் அக்காவின் பேச்சு ஞாபகம் வந்தது. அவங்க காப்பித் தோட்டத்துக்குப் போயிருக்காங்க, அவங்களுக்கு ரசத்துல மிளகு நொம்ப வேணும் என்று தினமும் கேட்ட பேச்சு. வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்லாதவர் விரலாலும் சொல்லவில்லை.

ஜீப் போய் அவரை அழைத்து வந்தது. நனைந்த சட்டையோடு படுத்துக் கையை நீட்டினார். "ஏனுங்க, பொண்ணு பொழச்சுக்குமுங்களா?" என்று மட்டும் கேட்டார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

பெயரை ஒழுங்காகப் போடச் சொன்னார் டாக்டர். அக்காவிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலையைக் காட்டினார். உச்சியில் இருக்கும் சாமியின் பெயர்தான் வீட்டுக்காரருக்கும். அதைக் குறிப்புக் கட்டத்தில் ஏற்றிவிட்டு, avanga-வை அப்படியே விட்டுவைத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அவர் இறந்துபோனார். பதிவை அப்படியே வைத்திருக்க முடியாது. இல்லாத ஆளைத் தேடி ஜீப் போனால், அந்த நேரத்தில் இன்னோர் உயிர் போய்விடும். இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, கருமாதி முடிந்து வேலைக்கு வந்தவர் தானாகவே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் செய்துவிடுகிறேன் என்றேன்.

"வேண்டாங் கண்ணு. அவங்களை வேற யாரும் எடுக்க வேண்டாம்."

avanga என்று தட்டினார். பதிவு வந்தது. நீக்கினார். சரியாகப் போய்விட்டதா என்று பார்க்க, நான் கற்றுக்கொடுத்தபடியே மறுபடியும் தட்டினார். 'பதிவு எதுவும் இல்லை.' நான் எழுதிய வரிதான். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து, காத்திருந்த நோயாளியிடம் ரத்தம் எடுக்கப் போனார்.

இப்போது சென்னையில் பெரிய நிறுவனங்களுக்குத் தேடுபக்கங்கள் செய்கிறேன். தமிழில் தட்டினாலும் தேடுகிறது, தப்பாகத் தட்டினாலும் புரிந்துகொள்கிறது. எந்தப் பக்கத்தை முடித்தாலும், அந்த வெள்ளைப் பெட்டியில் முதலில் avanga என்றுதான் தட்டுவேன். எதுவும் இல்லை என்று வர வேண்டும். வந்தால்தான் பக்கம் சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.