பூட்டு உடையாத திருட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு வளவில் குடியிருந்தோம். வரிசையாக எட்டு வீடுகள், ஒரு குழாய், ஒரு கக்கூஸ். குழாயில் வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீர் வந்தால் பெரிய காரியம். எந்த நேரத்தில் வரும் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் வேலைக்குப் போகிறவர்கள், வளவில் யார் இருக்கிறார்களோ அவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவோம். தண்ணீர் வந்ததும் அவர் கதவைத் திறந்து எல்லோர் வீட்டிலும் நிரப்பி வைப்பார்.

அந்த வருஷம் எங்கள் தெருவில் திருட்டு கூடிப்போனது. கொடியில் காய்ந்த சேலை, சைக்கிள், பித்தளைக் குடம் என்று தொடங்கி வீடு புகுகிற அளவுக்கு வந்தது. பயந்துபோய், சைக்கிளில் பூட்டு விற்று வந்த ஒருவனிடம் எட்டு வீட்டுக்காரர்களும் புதுப் பூட்டு வாங்கினோம். சாவி கொடுக்கும் வழக்கத்தை மட்டும் விட முடியவில்லை. தண்ணீர் வேண்டுமே.

சாவிகளெல்லாம் கடைசி வீட்டுக்காரியிடம் போய்ச் சேர்ந்தன. அவள் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. புருஷன் லாரியில் போகிறவன். அவள் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டினாள். நான் பள்ளிக்கூட டீச்சர். யாரையும் லேசில் நம்பமாட்டேன். சாவியைக் கொடுத்தாலும் பீரோ கதவிடுக்கில் ஒரு துண்டு சாக்பீஸ் செருகி வைத்துவிட்டுத்தான் போவேன்.

ஒருநாள் சாயங்காலம் வந்து பார்த்தால், சாக்பீஸ் தரையில் நொறுங்கிக் கிடந்தது. என் இரண்டு தங்க வளையல்களைக் காணோம். பக்கத்து வீட்டில் கைக்கடிகாரம் போயிருந்தது. எந்தப் பூட்டும் உடையவில்லை.

"சாவி உன் கையிலதான இருந்துச்சு? பின்ன காத்தா வந்து எடுத்துட்டுப் போச்சு?" என்று கத்தினேன்.

"டீச்சரக்கா, தெருமுக்குல தண்ணி லாரி வந்துச்சு. பிள்ளையத் தூக்கிக்கிட்டு உங்க எல்லாத்துக்கும் குடம் போடத்தான் போனேன். சாவி என் மடியிலயேதான் இருந்துச்சு. எம் பிள்ள மேல சத்தியம்" என்றாள்.

எல்லோரும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். அதன்பிறகு அவளோடு யாரும் பேசவில்லை. அவள் அழுதால் நடிப்பு என்றேன், அழாவிட்டால் நெஞ்சழுத்தம் என்றேன். மூன்றாம் நாள் அவள் வீட்டிலிருந்து கோழிக்குழம்பு வாசம் வந்தது. என் வளையல்தான் அங்கே கொதிக்கிறது என்று நினைத்தேன். மாதக் கடைசியில் அவள் வீட்டைக் காலி செய்தாள். எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, பொருளை அடையாளம் காட்ட வரச்சொல்லி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. வளவுப் பெண்கள் சிலரோடு போனேன். பிடிபட்டவன் அந்தப் பூட்டு வியாபாரி. விற்ற ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவியைத் தன்னிடம் வைத்திருக்கிறான்.

"அன்னைக்கு உங்க வளவுல எடுத்தது இம்புட்டுந்தான்னு சொல்லுதான்" என்றார் ஏட்டு. மேஜையில் என் வளையல்கள், அந்தக் கைக்கடிகாரம், அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி சின்ன வெள்ளிக் கொலுசு.

எங்கள் வளவில் கைக்குழந்தை இருந்தது ஒரே வீட்டில்தான். பொங்கலன்று அதன் காலில் இந்தக் கொலுசைப் பார்த்திருக்கிறேன். அவள் வீட்டிலும் திருடு போயிருக்கிறது. அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால், திருடியவளே நாடகம் போடுகிறாள் என்று முதல் ஆளாக நான்தான் சொல்லியிருப்பேன்.

"இது யாரோடதும்மா?" என்று ஏட்டு கேட்டார். கூட வந்த பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"தெரியலையே சார்" என்றேன்.