பிரேக்கைச் சவுட்டியது யார்

நடந்தது இது:

1. கொட்டாரம் ஊருக்குள், பாதசாரிகளுக்கு வெள்ளைக் கோடு போட்ட இடத்தில், மீன் சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பிலோமினா ரோட்டைக் கடக்க நின்றார்.
2. எங்கள் டிரைவிங் ஸ்கூல் கார் அவருக்காக நின்றது. ஓட்டியவள் ஜெபா. பக்கத்து சீட்டில் பயிற்சியாளராக நான்.
3. பின்னால் வந்த மினி பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்தது.
4. பிலோமினா இறங்கி எங்கள் பானெட்டைத் தாண்டினார்.
5. மினி பஸ்ஸையும் எங்களையும் வலப்பக்கமாக முந்திக்கொண்டு வந்த பைக் அவரை அடித்தது.
6. சாளை மீன் ரோடெல்லாம் சிதறியது. பிலோமினாவின் வலது கால் முட்டிக்குக் கீழே மடங்கிக் கிடந்தது.

ஐந்தாவதற்குத்தான் எல்லாரும் கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். கூட்டம் கோபப்பட்டது இரண்டாவதற்கு.

மினி பஸ் டிரைவர் இறங்கி வந்தார். "ஏட்டி, ஓடுற ரோட்டுல எதுக்கு வண்டிய நிறுத்துன? ஒனக்க அப்பன் வீட்டு முத்தமா இது?"

"கோடு போட்டிருக்கு. ஆள் கடக்காங்க," என்றேன்.

"கோடு கெடக்கட்டு. நாளைக்கு ஒருத்தி கோலம் போட்டா அதுக்கும் நிறுத்துவியா?"

சிரித்தார்கள். ஒருபக்கம் நான் ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தேன். மறுபக்கம் பைக் ஓட்டி வந்தவனை உட்காரவைத்துச் சோடா கொடுத்தார்கள். உள்ளூர்ப் பையன். முழங்கையில் சிராய்ப்பு. "பய பாவம், நேராக்கும் வந்தான். இவளுவ சடன் பிரேக் போட்டுட்டாளுவ."

சடன் பிரேக் இல்லை. ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள், பல பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஜெபா முதலில் கண்ணாடி பார்த்தாள். ஆக்ஸிலரேட்டரை விட்டாள். பிரேக்கைப் பைய மிதித்து, கிளட்சை அழுத்தி, கோட்டுக்கு முன்னால் குலுக்கல் இல்லாமல் நிறுத்தினாள். அதற்கு முந்தின வாரம்வரை நிறுத்தும்போதெல்லாம் எஞ்சினை அணைத்துவிடுகிறவள். "நல்லா நிறுத்துன மக்கா," என்று நான் சொல்லி முடிக்கவில்லை, சத்தம் கேட்டது.

பயிற்சி வண்டியில் பிரேக், கிளட்ச் இரண்டும் இரண்டு பக்கமும் உண்டு. என் காலடியிலும் இருக்கிறது. போலீஸ்காரர் வந்து கேட்ட முதல் கேள்வி அதைப் பற்றித்தான்.

"பிரேக் போட்டது யாரும்மா?"

ஜெபா நர்ஸ். கல்ஃப் விசாவுக்குக் காத்திருந்தாள். கேஸ் என்று ஒன்று பெயரில் ஏறினால் போக முடியாது என்ற பயம் அவளுக்கு.

"மேடமாக்கும் சவுட்டுனாவ," என்றாள். "நான் போவத்தான் பாத்தேன்."

என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தே சொன்னாள். பயிற்சி வண்டிக்குப் பொறுப்பு பயிற்சியாளர்தான். அதனால் நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று உறுத்தியது. அவள் என்னிடம் கற்றுக்கொண்டதிலேயே உருப்படியானது அந்த ஒரு நிறுத்தம். அதைத் திருட்டுப் பொருளைக் கைமாற்றுவதுபோல என் காலடிக்குத் தள்ளிவிட்டாள்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். கெட்டவர் இல்லை.

"மக்கா, டெஸ்டுல ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுவாவ, மேட்டுல நிறுத்தி எடுக்கச் சொல்லுவாவ. ஆளுக்கு வழி விடச் சொல்லுவாவளா?"

"சட்டத்துல இருக்கு, அண்ணாச்சி."

"சட்டத்துல இருக்கட்டு. நீ டெஸ்டுக்குள்ளத மட்டும் படிச்சுக் குடு. ஆள் நிண்ணா ஹாரன் அடிச்சுட்டுப் போவச் சொல்லு."

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பிலோமினாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. காலில் கம்பி வைத்திருந்தார்கள். தலைச்சுமையோடு தெருத்தெருவாக நடப்பது இனி முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கு என்மேல் கோபமே இல்லை.

"எனக்காண்டி ஆரும் நிறுத்துனதே இல்ல பிள்ளே. எப்பவும் ரெண்டு பக்கமும் பாத்துப் பாத்துத்தான் கடப்பேன். அண்ணைக்கு நீங்க நிறுத்துனத கண்டதும் ஒரு சந்தோசம். பாக்காம எறங்கிட்டேன்." பிறகு, "நீங்க நிறுத்தாம போயிருந்தா நான் பொழச்சிருப்பேன்," என்றார்.



டிரைவிங் கற்றுக்கொடுக்க வரும் பெண்களுக்கு, நான் கற்றதைச் சொல்லிவைக்கிறேன். கோட்டை ஒட்டி நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒரு கார் நீளம் பின்னாலேயே நிறுத்தச் சொல்லுங்கள். கடப்பவருக்கு வலப்பக்கம் தெரிய வேண்டும். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பின்னால் வருபவரை மெதுவாக வரச் சொல்லப் பழக்குங்கள். "வாங்க" என்று கடப்பவருக்குக் கை காட்டவே கூடாது. நம் வண்டிக்குத்தான் நாம் உறுதி சொல்ல முடியும்; பின்னால் வருகிறவனுக்குச் சொல்ல முடியாது. முதலாளி வண்டியில் இல்லாதபோது இதையெல்லாம் நான் சொல்லிக்கொடுக்கிறேன். கேட்டுக்கொள்கிறார்கள். டெஸ்ட் பாஸானதும் யாரும் நிறுத்துவதில்லை.

ஜெபா கல்ஃபுக்குப் போய்விட்டாள். அங்கே லைசென்ஸும் எடுத்தாள். போன மாதம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள்: "மேடம், இஞ்ச ஆள் நிண்ணா எல்லாரும் நிறுத்துறாவ. நானும் நிறுத்துறேன்."



கொட்டாரத்தில் கோட்டுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறார்கள். பிலோமினா பஸ் இறங்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து மீன் விற்கிறார். எதிர்ப்பக்கத்து வீடுகளுக்குப் போவதில்லை.